நர்மதாவின் வண்டிக்குப் பிக்கப் வந்தது

உடையார்பாளையம் நர்மதா மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள். மருத்துவர் இல்லை. பயிற்சி முடித்து, சான்றிதழ் வாங்கி, பதினோரு வருடமாக இந்த வேலையைச் செய்துவருகிறாள். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

அவளிடம் ஒரு எலெக்ட்ரிக் பைக் இருந்தது. பின்னால் ஒரு இரும்புக் கூடை, கூடைக்குள் திரவ நைட்ரஜன் கேன். கேனுக்குள் அவள் ஒருநாளும் பார்த்திராத காளைகளின் விந்து மெல்லிய குழாய்களில் உறைந்து கிடக்கும். கேன், கையுறைப் பெட்டி, நர்மதா என எல்லாவற்றையும் வண்டி இழுத்தது. ஆனால் அவசரப்படாமல் இழுத்தது. ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வேகமெடுக்கும்.

வேறு ஊராக இருந்தால் அது ஒரு குறையில்லை. அரியலூரிலிருந்து வி.கைகாட்டி வழியாக உடையார்பாளையம் வருகிற சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாகப் போகும். ஒன்றைத் தாண்டலாம் என்று நர்மதா திருகுவாள், வண்டி யோசிக்கும், அதற்குள் எதிரே பஸ் வந்துவிடும். மறுபடி லாரியின் பின்னாலேயே ஒட்டிக்கொள்வாள். வீடு வந்து கண்ணாடியைக் கழற்றினால் கண்ணைச் சுற்றி மட்டும்தான் அவளுடைய நிறம் இருக்கும்.

ஒருநாள் காலையில் தத்தனூரிலிருந்து லீலாவதி போன் செய்தாள். மாடு பருவத்துக்கு வந்து கத்துகிறது, உடனே வர வேண்டும். நர்மதா அப்போது அரியலூரில் கேனுக்கு நைட்ரஜன் நிரப்பிக்கொண்டிருந்தாள். கிளம்பினாள். வழியில் ஐந்து லாரிகள். தத்தனூர் போய்ச் சேர்ந்தபோது, ஜெயங்கொண்டத்திலிருந்து இதே வேலைக்கு வருகிற அரியமுத்து தொட்டியடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் பெட்ரோல் வண்டி.

"வாம்மா. இப்பத்தான் முடிச்சேன்," என்றார்.

லீலாவதி கொஞ்சம் சங்கடப்பட்டாள். "நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சுட்டேன் டாக்டரம்மா."

"காலையில கத்துற மாட்டுக்கு சாயந்திரம் போட்டாப் போதும்க்கா. அவசரமே இல்ல."

"மாட்டுக்கு இல்ல. எனக்குத்தான். நாள் பூரா அது கத்தறதைக் கேட்டுக்கிட்டு நான்தான உக்காந்திருக்கணும்?"

அந்த மாதத்தில் இப்படிக் கைநழுவிய மூன்றாவது மாடு அது.

அவள் கணவன் ராஜராஜன் அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். "பேசாம பெட்ரோல் வண்டி வாங்கிடேன்," என்றான்.

"இந்த வண்டிக்கு என்ன கொறச்சல்? பிக்கப் ஒண்ணுதான் இல்ல."

"வண்டின்னா அது ஒண்ணுதான வேணும்," என்றான் ராஜராஜன். பிறகு, பள்ளிக்கூடத்து இன்வெர்ட்டரைச் சரிசெய்து கொடுத்த பெரம்பலூர் பாய் ஒருவரைப் பற்றிச் சொன்னான்.

அவர் பெயர் நிஜாமுதீன். சொந்த ஊர் லெப்பைக்குடிக்காடு. பத்தொன்பது வருடம் குவைத்தில், கிடங்குகளில் மூட்டை தூக்கும் பேட்டரி வண்டிகளைப் பழுதுபார்த்தவர். ஊர் திரும்பி, பெரம்பலூர் துறைமங்கலத்தில் பட்டறை போட்டிருந்தார். வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் வண்டிக்காரரைப் பார்ப்பார்.

"என்ன கம்ப்ளெய்ன்ட்?" என்று கேட்டார்.

"பிக்கப் இல்ல பாய்."

"ஓடுதா?"

"ஓடுது."

"பிரேக் போட்டா நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப கம்ப்ளெய்ன்ட் இல்லம்மா. கம்பெனிக்காரன் எப்படி செஞ்சானோ அப்படியே இருக்கு. உங்களுக்கு வேண்டியது ரிப்பேர் இல்ல, வேற வண்டி."

"இதையே வேற வண்டியா ஆக்க முடியுமா?"

நிஜாமுதீன் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "யாரை முந்தணும்?"

"லாரியை."

"எதுக்கு?"

"மாட்டுக்குச் சினை ஊசி போடணும்."

அவர் ஒரு நோட்டை எடுத்து, "லாரி, மாடு" என்று எழுதிக்கொண்டார்.

பிறகு சீட்டுக்கு அடியில் இருந்த ஒரு தகரப் பெட்டியைக் காட்டினார். "இதுதான் கண்ட்ரோலர். பேட்டரியில இருக்கற கரண்டை மோட்டாருக்கு அளந்து விடுறது இதுதான். இம்புட்டுதான் தருவேன்னு ஒரு அளவு வச்சிருக்கு. அதுக்கு மேல நீங்க கையை முறிச்சுக்கிட்டாலும் தராது. பெரிய கண்ட்ரோலர் போட்டா அள்ளித் தரும். ஆனா அம்புட்டையும் வாங்கிக்க இந்த மோட்டாரால ஆவாது, வெந்துரும். மாத்தினா ரெண்டையும் மாத்தணும். கம்பெனி வாரண்டி போயிரும்."

"அது போன வருசமே போயிடுச்சு."

"அப்ப நமக்குத் தடை ஒண்ணும் இல்ல," என்றார் நிஜாமுதீன்.

சாமான்கள் கோயம்புத்தூரிலிருந்து வர மூன்று வாரம் ஆனது. புது மோட்டார் பழையதைவிடப் பெரியது. அதை உட்கார வைக்க லேத்துப் பட்டறையில் புதிதாகக் கிளாம்பு செய்யவேண்டியிருந்தது. ஒயர்களும் விரல் தடிமனுக்கு மாறின. வேலை தொடங்கிய நாலாவது நாள் நர்மதாவை வரச் சொன்னார். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலேட்டரைத் தொட்டார். பின்சக்கரம் பிசகில்லாமல், அழகாக, பின்பக்கமாகச் சுற்றியது.

"பாய், பின்னாடி சுத்துது."

"ஆமா."

"நான் முன்னாடி போவணும்."

"மூணு ஒயர்ல ரெண்டை மாத்திப் போட்டா முன்னாடி போவும். சுத்துதா இல்லையாங்கறதுதான் முதல் கேள்வி. எந்தப் பக்கங்கறது ரெண்டாவது."

இரண்டாவது கேள்விக்கும் விடை கண்டபிறகு வண்டியை அவளிடம் கொடுத்தார். "மெதுவாத் திருகுங்க."

நர்மதா மெதுவாகத்தான் திருகினாள். ஆனால் அது பழைய வண்டியில் பழகிய மெதுவு. பட்டறை பின்னால் போனது. டீக்கடை போனது. அவள் நினைவு வந்து பிரேக்கைப் பிடித்தபோது, இன்னும் திறக்காத ஒரு புரோட்டாக் கடையின் சுவருக்கு முன்னால் ஒரு முழம் விட்டு நின்றிருந்தாள். நிஜாமுதீன் நிதானமாக நடந்து வந்தார்.

"பிக்கப் இருக்கா?"

"இருக்கு," என்றாள் நர்மதா.

அடுத்த பன்னிரண்டு நாளும் அவள் வாழ்க்கையில் நல்ல நாட்கள். லாரி தெரியும். எதிரே சாலை காலியாக இருக்கும். மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்குவாள். லாரி பின்னால் போய்விடும். ஒருமுறை கண்ணாடியில் அரியமுத்துவின் பெட்ரோல் வண்டி சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தாள். சந்தோஷப்படக் கூடாது என்று நினைத்தாள். அதற்குள் பட்டுவிட்டிருந்தாள்.

பதின்மூன்றாவது நாள், மாலை நாலு மணி. ஏழு மாடுகளை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். பேட்டரி முப்பத்து நாலு சதவீதம் காட்டியது. வி.கைகாட்டி தாண்டி முன்னால் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி. பின்னால் ஒட்டிக்கொண்டே இன்னொன்று. எதிரே சாலை காலி. நர்மதா வலப்பக்கம் ஏறித் திருகினாள். லாரியின் நடுச்சக்கரம் வரை போனாள். அங்கே வண்டி அணைந்துபோனது.

பெட்ரோல் வண்டி என்றால் இருமும், திக்கும், ஒரு முன்னறிவிப்பு இருக்கும். இதில் எதுவும் இல்லை. மீட்டர் இருண்டது, இழுவை நின்றது. அவ்வளவுதான். இடதுபக்கம் அவள் தோள் உயரத்துக்குச் சக்கரங்கள். பின்னால் நழுவலாம் என்றால் அடுத்த லாரி வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எதிரே வளைவில் பஸ் தெரிந்தது.

என்ன செய்தாள் என்று பிற்பாடு அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எதுவும் செய்யவில்லை என்பதுதான் உண்மை. ஹாண்டிலை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். செய்தவர் லாரி டிரைவர். கண்ணாடியில் பார்த்துவிட்டு, இடது சக்கரங்களை மண்ணில் இறக்கி ஒதுங்கினார். பஸ்ஸும் தன் பக்கத்து மண்ணில் இறங்கியது. நடுவே, வெள்ளைக் கோட்டின் மேல், நர்மதா சத்தமில்லாமல் உருண்டு போனாள். பஸ்ஸின் காற்று அவளை ஒருமுறை ஆட்டிவிட்டுப் போனது.

லாரி நின்றது. டிரைவருக்கு அறுபது வயது இருக்கும். இறங்கி முதலில் தன் டயர்களைச் சுற்றிப் பார்த்தார். பிறகு அவளிடம் வந்தார்.

"கரண்ட்டு வண்டியா?"

"ஆமா."

"சத்தமில்லாம வந்து சத்தமில்லாம நின்னுட்டியே. கண்ணாடியை நான் பாக்கலைன்னா என்னம்மா ஆவறது?"

அவர் கூடையைப் பார்த்தார். "கேன்ல என்னா, பாலா?"

"இல்லீங்க. காளை விந்து."

அவர் கேனைவிட்டு ஓரடி தள்ளி நின்றார். பிறகு, "பாத்துப் போம்மா," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

வண்டியை ஒரு புளியமரத்தில் சாய்த்துவிட்டு நர்மதா கீழே உட்கார்ந்தாள். கைகள் தாமாக நடுங்கிக்கொண்டிருந்தன. அவற்றை மடியில் வைத்து, வேறு யாருடைய கைகளோ என்பதுபோல் பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் மீட்டர் தானாக எரிந்தது. முப்பத்து நாலு சதவீதம், எதுவுமே நடக்காதது போல. அவளுக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

வீட்டில் இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சொன்னாள். ராஜராஜன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான். மறுநாள் லீவு போட்டு, வண்டியை ஒரு குட்டியானை வேனில் ஏற்றி, அவளையும் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் போனான். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழி முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

நிஜாமுதீன் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நின்னப்ப பேட்டரி எவ்வளவு இருந்துச்சு?"

"முப்பத்தி நாலு."

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "தப்பு என்னுது. நான் ஃபுல் சார்ஜ்ல வச்சு ஓட்டிப் பாத்தேன். நெறஞ்ச வயித்துல அது எம்புட்டுக் கேட்டாலும் குடுக்கும். நீங்க பசி வயித்துல கேட்டிருக்கீங்க. பேட்டரிக்குள்ள ஒரு காவல் போர்டு இருக்கு. கரண்ட்டை இழுத்த வேகத்துல வோல்டேஜ் சட்டுனு எறங்கவும், பேட்டரி கெட்டுரும்னு அது பயந்து மூடிருச்சு. உங்க உயிரைப் பத்தி அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். உங்க வீட்டுக்காரர் முன்னாடியே சொல்றேன். மன்னிச்சுக்குங்க."

ராஜராஜன் தயார்செய்து வந்த சண்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். கடைசியில், "டீ குடிக்கலாமா பாய்?" என்று கேட்டான்.

இந்தமுறை நிஜாமுதீன் வண்டியைச் சீக்கிரம் தருவதாக இல்லை. போர்டை மாற்றினார். லேப்டாப்பை இணைத்து, பேட்டரி குறையக் குறைய கண்ட்ரோலர் தானாகக் கையைச் சுருக்கிக்கொள்ளும்படி அளவுகளைத் திருத்தினார். பிறகு, கூடையில் கேனின் எடைக்குச் செங்கல் ஏற்றி, தினமும் பேட்டரி தீரும்வரை தானே ஓட்டினார். ஐந்தாம் நாள் நர்மதா போன் செய்தபோது அவர் மனைவி எடுத்தார்.

"அவரு இல்லையேம்மா. வண்டியத் தள்ளிக்கிட்டு வர்றாரு. நாலு நாளாத் தள்ளிக்கிட்டுத்தான் வர்றாரு. ஆமா, நீங்க என்ன வண்டி குடுத்தீங்க?"

எட்டாம் நாள் வண்டியைக் கொடுத்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"நாப்பது சதவீதத்துக்கு மேல இது புது வண்டி. அதுக்குக் கீழ போனா, மெல்ல மெல்லப் பழைய வண்டி ஆயிரும். ஆனா பாதியில விட்டுட்டுப் போவாது. அதை நான் பாத்துட்டேன். முந்தணும்னா நாப்பதுக்கு மேல வச்சுக்குங்க. இன்ஷா அல்லா, இனிமே நிக்காது."

வண்டி சரியாகிவிட்டது. நர்மதாவுக்குத்தான் சரியாகவில்லை. ஒரு மாதம் அவள் எந்த லாரியையும் தாண்டவில்லை. எதிரே சாலை காலியாகக் கிடக்கும், பேட்டரி எண்பது காட்டும், மணிக்கட்டு மடங்காது. முன்பு வண்டியில் பிக்கப் இல்லை. இப்போது கையில் இல்லை. லாரிக்காரர்கள் பின்னால் ஒரு பைக் பொறுமையாக வருவதைப் பார்த்து, தாங்களே கையைக் காட்டி முன்னால் போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை.

ஆனால் நாற்பதுக்குக் கீழே இறங்க மட்டும் விடுவதில்லை. பெரிய மோட்டார் பேட்டரியைச் சீக்கிரம் குடித்தது. அதனால் சார்ஜரைக் கூடையிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் கேட்டுச் செருகிவிடுவாள். முக்கால் மணி நேரம் ஆகும். முன்பெல்லாம் ஒரு வீட்டில் பத்து நிமிடம். கையுறை, ஊசி, கை கழுவல், கிளம்பல். மாடு எப்போது பருவத்துக்கு வந்தது என்று வீட்டுக்காரர்கள் சொல்வதுதான் கணக்கு. இப்போது வேறு வேலை இல்லாமல் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடுகளும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அப்படித்தான் ஒருநாள் தத்தனூரில் லீலாவதி வீட்டில் ஒரு மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு, வண்டியைச் சார்ஜில் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஓரத்தில் ஒரு கருப்பு வெள்ளைக் கலப்பின மாடு.

"அதைப் பாக்காதீங்க," என்றாள் லீலாவதி. "அது மலடு. அஞ்சு ஊசி போட்டாச்சு, புடிக்கல. எங்க வீட்டுக்காரரு வித்துரலாங்கறாரு. எனக்குத்தான் மனசு வரல. கன்னுக்குட்டியா இருந்தப்ப என் கையாலதான் பால் குடிச்சு வளந்துச்சு."

நர்மதா பார்த்தாள். மாடு கத்தவில்லை. முட்டவில்லை. ஆனால் தீவனத்தை முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது. வாலை லேசாகத் தூக்கி வைத்திருந்தது. அது படுத்து எழுந்த இடத்தில் கண்ணாடி போல ஒரு இழை வழும்பு மின்னியது. நர்மதா எழுந்து போய்க் குனிந்து பார்த்தாள்.

"அக்கா, இது நேத்துலேருந்து பருவத்துல இருக்கு. இப்ப முடியப் போவுது."

"கத்தவே இல்லையே?"

"சில மாடு கத்தாது. ஊமைப் பருவம்னு சொல்வாங்க. இதுவரைக்கும் எப்ப ஊசி போடக் கூப்பிட்டீங்க?"

"கத்தினப்பதான்."

"அது தண்ணிக்குக் கத்தியிருக்கும்."

லீலாவதி மாட்டைப் பார்த்தாள். ஐந்து முறை தண்ணீர் கேட்டு ஐந்து முறை ஊசி வாங்கிய மாடு அமைதியாக அசை போட்டது.

இன்றைக்குப் போட்டுப் பயனில்லை. இருபது நாள் கழித்துப் பருவம் மறுபடி வரும். காலையும் மாலையும் கொட்டகைத் தரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள், வழும்பு தெரிந்த உடனே சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு நர்மதா போனாள். இருபதாம் நாள் மாலை லீலாவதி போன் செய்தாள். காலையில் வருகிறேன் என்றாள் நர்மதா. காலையில் அரியலூர் போய் நைட்ரஜன் நிரப்பினாள். அங்கிருந்து கிளம்பும்போது மறுபடி போன்.

"டாக்டரம்மா, மாட்டுப் புரோக்கரு வந்துட்டாரு. எங்கிட்ட சொல்லாமயே இவரு வரச் சொல்லியிருக்காரு. டீ குடுத்து உக்கார வச்சிருக்கேன். டீ எம்புட்டு நேரம் தாங்கும்?"

"வந்துட்டே இருக்கேன்," என்றாள் நர்மதா.

வி.கைகாட்டிக்கு முன்பே லாரிகள் தொடங்கின. மூன்று. பேட்டரி எழுபத்தொன்று காட்டியது. அவள் கடைசி லாரியின் பின்னால் ஒரு கிலோமீட்டர் போனாள். வெறுமனே நிழல்போலப் போனாள். எழுபத்தொன்று, எழுபத்தொன்று என்று சொல்லிக்கொண்டாள். நாள்கணக்கில் செங்கல் ஏற்றிக்கொண்டு ஓட்டிய மனுசன் பொய் சொல்ல மாட்டார் என்றும் சொல்லிக்கொண்டாள். எதிரே சாலை நீளமாக, காலியாக இருந்தது. மணிக்கட்டு மடங்கியது.

ஆறு வினாடி இருக்கும். சக்கரங்கள் தோளருகே வந்தன, போயின. இரண்டாவது லாரி. பிறகு ஒரு டெம்போவுக்காகக் காத்திருந்து மூன்றாவது. அதன்பிறகு சாலையில் அவள் மட்டும்தான் இருந்தாள். கை நடுங்கவில்லை. நடுங்குகிறதா என்று இரண்டு முறை பார்த்தாள்.

லீலாவதி வீட்டு வாசலில் புரோக்கர் இரண்டாவது டம்ளர் டீயில் இருந்தார். லீலாவதியின் கணவர் ஆண்டவர், கருப்பு வெள்ளை மாட்டின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நர்மதா யாரிடமும் எதுவும் பேசவில்லை. கேனைத் திறந்தாள், புகை எழுந்தது. குழாயை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டாள். தோள்வரை கையுறையை ஏற்றிக்கொண்டு, "கயித்தை அப்படியே புடிங்க," என்று ஆண்டவரிடம் சொன்னாள். அவர் பிடித்தார். விற்கப் பிடித்த கயிறு ஊசிக்குப் பயன்பட்டது.

"இது மலடுல்ல?" என்றார் புரோக்கர்.

"மலடு இல்ல. ஊமை," என்றாள் லீலாவதி.

"இன்னும் மூணு மாசம் இருக்கட்டும்," என்றாள் நர்மதா கையைக் கழுவிக்கொண்டே. "சினை இல்லைன்னா நானே புரோக்கருக்குப் போன் போடுறேன்."

புரோக்கர் டம்ளரைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனார். ஆண்டவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வயலுக்குப் போனார்.

மூன்று மாதம் கழித்து நர்மதா அந்த மாட்டைச் சோதித்துப் பார்க்கப் போனாள். கையுறை போட்ட கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள். லீலாவதி மாட்டின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, மாட்டை விட இறுக்கமாக நின்றாள். ஆண்டவர் தூரத்தில், தனக்குச் சம்பந்தமில்லாதவர் போல வேப்பங்குச்சி உடைத்துக்கொண்டிருந்தார்.

"சினைதான்," என்றாள் நர்மதா.

லீலாவதி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஆண்டவர் குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"சினை மாடுன்னா இப்ப நல்ல விலைக்குப் போவுமே?"

"போவும்," என்றாள் லீலாவதி. "அதுக்கு முன்னாடி உங்களை என்ன விலைக்குக் கேக்கறாங்கன்னு விசாரிச்சுட்டு வரேன்."

ஆண்டவர் குச்சியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். நர்மதா கையுறையைக் கழற்றிக் கை கழுவினாள். உள்ளே போன லீலாவதி ஒரு செம்பு மோரோடு வந்தாள். அடுத்து வழியில் ஒரு வீடு, அதற்கப்புறம் ஜெயங்கொண்டம் பக்கம் இரண்டு வீடு என்று சொல்லிக்கொண்டே நர்மதா நின்றபடி மோரைக் குடித்தாள்.